கூரையில் விளையும் மின்சாரம்: இலாபம் யாருக்கு?



சூரியனையும் சந்திரனையும் மனிதனுக்குப் பயன்படும்படி இறைவன் வசப்படுத்தித் தந்திருப்பதைத் திருமறையின் 14 ஆம் அத்தியாயம் 33 ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அந்த அருட்கொடையை வீட்டுக் கூரையிலேயே மின்சாரமாக மாற்றிக்கொள்ளும் வசதி இன்று நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் தூரத்திற்கு வந்துவிட்டது. "சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராதாமே, அரசாங்கம் 78,000 ரூபாய் தருகிறதாமே" என்ற பேச்சு பட்டுக்குப் பேர்போன ஆரணியின் தெருக்களிலும் கேட்கத்தான் செய்கிறது. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது ஒரே உண்மையன்று. ஆகவே இந்த மாதக் குடும்பக் கணக்கில் அதனை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளும் பென்சிலும், உங்கள் வீட்டு மின் அட்டையும் கையில் இருந்தால் நலம்.

முன்கதை சுருக்கமாக

ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் மின்கலம் 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. நெடுங்காலம் அது விண்கலங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பொருளாக இருந்தது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளையும் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுத்தது. 2012 இல் மாநில அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு, பி.எம். சூர்ய கர் என்னும் திட்டத்தை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று அறிவித்தது. இன்று நாம் கேட்கும் 78,000 ரூபாய்ப் பேச்சு இத்திட்டத்தைப் பற்றியதே.

மானியத்தின் அளவு இதுதான்: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு வைத்தாலும் 78,000 ரூபாய். அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான் கூடுகிறது, நான்காவதற்கு ஒன்றுமில்லை. இந்த மானியம் முன்கூட்டிக் கிடைப்பதன்று. தகடு பொருத்தி, மின்வாரியத்தார் சோதித்து, மீட்டர் மாற்றிய பிறகே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படும். முழுத்தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. தொல்லைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிலோவாட் எவ்வளவு தரும்?

நம் பகுதி வெயிலில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று சொல்வது வழக்கம். மழைக்கால நாட்களையும் மேகமூட்டத்தையும் கழித்து, மாதத்திற்கு 100 யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. மின் கணக்கு இரு மாதத்திற்கு ஒருமுறை என்பதால் 1 கிலோவாட்டுக்கு 200 யூனிட், 2 கிலோவாட்டுக்கு 400, 3 கிலோவாட்டுக்கு 600 என்று நினைவில் கொள்ளுங்கள். இடமோ கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நிழல் விழாத தளமாக வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில்தான் மின்சாரம் மிகுதியாகக் கொட்டும் என்று எண்ணுவது இயல்பு. அது சரியன்று. தகட்டுக்கு வேண்டியது ஒளியே; சூடு அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். எனவே தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். தெற்கு நோக்கி, 12 அல்லது 13 டிகிரி சாய்வில் வைப்பது நம் பகுதிக்கு ஏற்றது.

மூன்று வீடுகளின் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் விலை படிப்படியாக ஏறுகிறது. 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணத்தைத் தோராயமாகச் சொன்னால், இரு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் செலவிடுவோருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல். 201 முதல் 400 வரை நாலே முக்கால் ரூபாய் அளவு. 401 முதல் 500 வரை ஆறே கால் ரூபாய்க்குச் சற்று மேல். 500 ஐத் தாண்டினாலோ 101 முதல் 200 வரையிலான சலுகை போய்விடும். அவையும் நாலே முக்கால் ரூபாய் அளவுக்கு ஏறிவிடும். 600 வரை எட்டரை ரூபாய், 800 வரை ஒன்பதரை, 1000 வரை பத்தரை, அதற்கு மேல் பதினொன்றரை ரூபாய்க்கும் மேல். ஆகவே ஒரு யூனிட் மிச்சப்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பது, அது எந்தப் படியில் நின்ற யூனிட் என்பதைப் பொறுத்தது.

விலையைக் கணக்குக்காக இவ்வாறு வைத்துக்கொள்வோம். பொருத்தும் கூலி உட்பட 1 கிலோவாட் 75,000 ரூபாய். 2 கிலோவாட் 1,40,000. 3 கிலோவாட் 2,00,000. மானியம் போக முறையே 45,000, 80,000, 1,22,000 ரூபாய் நம் கையைப் பிடிக்கும். 2025 செப்டம்பரில் இக்கருவிகளின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலைப்பட்டியலில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

முதல் வீடு, நெசவாளர் வீடு. குழித்தறி போட்டு வீட்டிலேயே பட்டு நெய்யும் குடும்பம். கைத்தறி நெசவாளருக்கான இலவச மின்சாரம் 2023 இல் இரு மாதத்திற்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. நான்கு விளக்கு, மூன்று மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி என்று 260 யூனிட் செலவாகிறது. அந்தச் சலுகை பெறும் இவ்வீட்டுக்குக் கட்டணமே இல்லை. கட்டணம் இல்லாத வீட்டில் சோலார் எதை மிச்சப்படுத்தும்? ஒன்றையும் இல்லை. இக்குடும்பத்திடம் யாரேனும் "இலவச மின்சாரம்" என்று சொல்லித் தகடு விற்க வந்தால், முன்பே இருப்பதை விலை கொடுத்து வாங்கச் சொல்கிறார் என்று பொருள். விசைத்தறியாளர்களுக்கும் அதே ஆண்டில் இலவச அளவு 750 இலிருந்து 1000 யூனிட்டாக உயர்ந்தது. அவர்களும் தங்கள் அட்டையைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் வீடு, சிறு கடைக்காரர் வீடு. இரு மாதத்தில் 400 யூனிட்; கட்டணம் ஏறத்தாழ 1,200 ரூபாய். 2 கிலோவாட் வைத்தால் கட்டணம் முற்றிலும் நின்றுவிடும். ஆண்டு மிச்சம் 7,200 ரூபாய். போட்ட 80,000 திரும்ப 11 ஆண்டுகள் ஆகும். 1 கிலோவாட் மட்டும் வைத்தால் ஆண்டு மிச்சம் ஏறத்தாழ 5,700. 45,000 ரூபாய் திரும்ப 8 ஆண்டுகள். இங்கே நட்டமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. எப்படியும் இலவசமாக வந்துகொண்டிருந்த 100 யூனிட்டைப் பணம் கொடுத்து நாமே விளைவிப்பதுதான் 2 கிலோவாட்டில் நேரும் வீண்.

மூன்றாம் வீடு, கூட்டுக் குடும்பம். மேலும் கீழுமாக இரண்டு குளிர்பதன இயந்திரம், நீர் மோட்டார், சலவை இயந்திரம். இரு மாதத்தில் 800 யூனிட். கட்டணம் ஏறத்தாழ 4,800 ரூபாய். 2 கிலோவாட் வைத்தால் மிச்சம் 400 யூனிட்டுக்கே பணம் கட்ட வேண்டும். அது 1,200 ரூபாய். இரு மாதத்திற்கு 3,600, ஆண்டுக்கு 21,600 ரூபாய் மிச்சம். 80,000 ரூபாய் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். 3 கிலோவாட் வைத்தால் ஆண்டு மிச்சம் 27,000 ரூபாய் அளவு. 1,22,000 திரும்ப நாலரை ஆண்டு. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் நாம் கூடுதலாகக் கொடுப்பது 42,000; அது கூடுதலாகத் தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 ரூபாய்தான். அந்தப் பணம் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேலாகும். முதல் இரண்டு கிலோவாட்டும் எட்டரை, ஒன்பதரை ரூபாய் யூனிட்டுகளை வெட்டுகின்றன. மூன்றாவது மலிவான யூனிட்டுகளை வெட்டுகிறது. "பெரிதாகப் போட்டால் இலாபமும் பெரிது" என்பது எப்போதும் சரியன்று என்பதற்கு இதுவே சான்று.

இந்தக் கணக்கில் இருவழி மீட்டருக்கான செலவும், மின்வாரியம் விதிக்கும் இணைப்புக் கட்டணங்களும் சேரவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் அவற்றை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற நேரலாம். அதற்கென்று மாதம் சில நூறு ரூபாயை ஒதுக்கி வைப்பது விவேகம். தகடுகளோ 25 ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு அரைப் பங்கு வீதம் திறன் குறையும்.

முதலில் விரயத்தை நிறுத்துங்கள்

வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. தகடு வாங்கும் முன் இக்கண்டிப்பை வீட்டின் மின்விசிறிகளிடமிருந்து தொடங்கலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை 35 வாட்டுக்குள் அடங்கும். நான்கு விசிறிகள் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 2.4 யூனிட், இரு மாதத்தில் 144 யூனிட் குறையும். 600 யூனிட் செலவிடும் வீடு ஒன்று இதனால் 456 யூனிட்டுக்கு இறங்கும். அதாவது 500 என்னும் வாசலைக் கடந்து உள்ளே வந்துவிடும். 2,900 ரூபாய் அளவிலிருந்த கட்டணம் 1,550 ரூபாய் அளவுக்கு இறங்கும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய்ச் செலவு ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். எந்தச் சோலார் தகடும் இவ்வளவு விரைவில் திருப்பித் தராது. இதனைச் செய்த பிறகு எஞ்சும் யூனிட்டைப் பார்த்துத் தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.

வட்டி என்னும் ஓட்டை

இப்போது நம் சமுதாயக் குடும்பங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடத்திற்கு வருகிறோம். முழுப்பணத்தையும் முன்னதாகப் புரட்ட இயலாதவர்களுக்காக, 3 கிலோவாட் வரை பிணையில்லாத வங்கிக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. 2024 இல் அறிவித்தபோது அதன் வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டி அது ஏறும், இறங்கும். "குறைந்த வட்டிதானே, மிச்சமாகும் கரண்ட் பில்லிலேயே கட்டிவிடலாமே" என்று ஆசை காட்டுவோர் உண்டு.

வட்டி ஹராம் என்பதில் குறைந்தது, கூடியது என்ற பேதமில்லை. சூரத்துல் பகராவின் 275 ஆம் வசனம் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியிருப்பதை நாம் அறிவோம். மார்க்கத் தீர்ப்பு அதோடு முடிந்தது. ஆயினும் கணக்குப் பார்ப்பவருக்காக இதையும் சொல்லிவிடுவோம். இரண்டாம் வீட்டுக்காரர் 2 கிலோவாட்டுக்குக் கடன் வாங்கி, மானியம் வந்து கழிந்தபின் 80,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு வட்டி 7 சதவீத வீதம் 5,600 ரூபாய். அவருக்கு ஓராண்டில் மிச்சமாவதோ 7,200 ரூபாய். கூரையில் விளைந்ததில் முக்கால் பங்கிற்கும் மேல் வட்டிக்கே போய்விடுகிறது. வெயில் காய்வது அவர் கூரையில். விளைச்சல் சேர்வது வேறு களத்தில்!

அப்படியானால் வழி என்ன? வழிகள் உண்டு.

அவசரப்படாமல் சேமித்து வாங்குவது முதல் வழி. சேமிப்புத் தொகை நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஸகாத் உண்டு. அதே பணம் வீட்டு உபயோகத்திற்கான தகடாகக் கூரையேறிவிட்டால் அத்தகட்டுக்கு ஸகாத் இல்லை. இதில் ஐயம் எழுந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உறவினரிடம் கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடன் பெறுவது இரண்டாம் வழி. இதற்கு இத்திட்டம் மிகவும் இசைவானது. ஏனெனில் மானியம் வந்ததும் கடனில் கணிசமான பங்கு உடனே திரும்பிவிடும். மனைவியின் மஹரிலோ நகையிலோ கை வைப்பதாயின் அது அவருடைய சொத்து என்பதை மறவாதீர்கள். அவர் மனமுவந்து தந்தால் மட்டுமே பெறலாம். அதுவும் கடன் என்றால் கடனாகவே எழுதப்பட வேண்டும்.

மூன்றாம் வழி ஜமாஅத்துகளுக்கானது. மூன்றாம் வீட்டைப் போன்ற குடும்பம் ஒன்றுக்கு மஹல்லாவின் பைத்துல்மால் 2 கிலோவாட்டுக்காக 1,40,000 ரூபாய் வட்டியின்றிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மானியத் தொகை 60,000 வந்தவுடன் திரும்பிவிடுகிறது. எஞ்சிய 80,000 ரூபாயை, மின்கட்டணத்தில் மிச்சமாகும் மாதம் 1,800 ரூபாயைக் கொண்டே 45 மாதத்தில் அடைத்துவிடலாம். குடும்பத்தின் மாதச் செலவு ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அத்தொகை திரும்பி வரவர அடுத்த வீட்டுக்குப் போகும். ஸகாத் நிதியை இதற்குத் தொடக்கூடாது, அது அதற்குரியவர்களுக்கே. வசதி படைத்தோர் இதற்கென்று தனியாக வைக்கும் சுழல் நிதியாக இது அமைய வேண்டும். பட்டு வணிகத்தில் பொருளீட்டும் செல்வந்தர்கள் சிந்திப்பார்களாக!

நான்காவதாக, விற்பனையாளரே தவணைக்குத் தர முன்வருவதுண்டு. ரொக்க விலையைவிடச் சற்றுக் கூடுதலாயினும், ஒரே விலையாகத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, தாமதமானால் தொகை ஏறாது என்ற நிபந்தனையோடு அமைந்தால் அது வணிகம் என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் "தவணை" என்ற பெயரில் பின்னால் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம் ஒளிந்திருக்கலாம். கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள்.

கூரை யாருடையது?

விண்ணப்பிப்பவரும் மின் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் மின் அட்டை இன்னும் மறைந்த பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. சொத்தும் பாகம் பிரிக்கப்படாமல், சகோதரிகளின் பங்கு "பிறகு பார்க்கலாம்" என்ற நிலையில் கிடக்கிறது. அந்த வீட்டின் மொட்டை மாடி ஒருவருக்குரியதன்று. வாரிசுகள் அனைவருக்கும் உரியது. 25 ஆண்டு நிற்கப்போகும் ஒன்றை அதன்மீது அமைக்கும் முன் உரியவர்களின் சம்மதம் வேண்டும். ஃபராயிள் முறைப்படி பங்கு பிரித்து, பெயர் மாற்றி, அதன்பின் தகடு பொருத்துவதே நேர்மை. பல ஆண்டாகத் தள்ளிப்போட்ட பங்கீடு இந்தக் காரணத்தாலாவது நடக்குமாயின், அது மின்சாரத்தைவிடப் பெரிய இலாபமன்றோ?

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பகராவின் 282 ஆம் வசனம் கற்பிக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளரா? தகடும் அதன் மின்கலங்களும் இந்தியாவில் செய்யப்பட்டவையா? இல்லையேல் மானியம் கிடையாது. தகட்டின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வாட் அளவு, இன்வெர்ட்டரின் உத்தரவாத ஆண்டு, துருப்பிடிக்காத தாங்கி, நில இணைப்பு, இடிதாங்கி ஆகியவை விலையில் அடக்கமா? ஐந்தாண்டுப் பராமரிப்பை ஏற்கிறாரா? பழைய ஓட்டு வீடாயின் சட்டமும் கைமரமும் பாரத்தைத் தாங்குமா என்று கொத்தனாரையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்கம்பத்தில் மின்சாரம் நின்றால் இவ்வகைச் சோலாரும் தானே நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும். அதன் விலை தனி, சில ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவும் தனி.

ஆரணி, பட்டோடு அரிசி ஆலைகளுக்கும் பேர்பெற்ற ஊர். உமிச் சாம்பலும் தெருப்புழுதியும் தகட்டில் படிந்தால் உற்பத்தி குன்றும். வாரம் ஒருமுறை, சூடேறும் முன் அதிகாலையில், சோப்பின்றி நல்ல நீரால் மெல்லத் துடைத்தால் போதும். ஃபஜ்ரு தொழுகை முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது.

சுருங்கச் சொன்னால், இரு மாதத்தில் 300 யூனிட்டுக்குள் செலவிடும் வீடு தகட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 300 முதல் 500 வரையுள்ள வீடு முதலில் விசிறியை மாற்றட்டும். கையில் உபரிப் பணமிருந்தால் 1 கிலோவாட் போதும். 500 ஐத் தாண்டிய வீடு தயங்க வேண்டியதில்லை. ஆனால் வட்டியின்றி முடியும் அளவுக்கே கை நீட்டட்டும். ஒரு கிலோவாட்டாக இருந்தாலும் கடன் வட்டியில்லாத கூரையின் கீழ் உறங்குவது நிம்மதி.

ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், செலவில் நிதானத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், இன்னொரு வீட்டுக் கணக்கோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.